டிரைவருக்கு வந்த பசி

தங்கை வீட்டு வாசலில் வந்து இறங்கியபோது டிரைவரின் சட்டைக்குள் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. முப்பது வருடம் சரக்கு லாரி ஓட்டிய உடம்பு அது. ஸ்டீயரிங்குக்கும் தொப்பைக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது என்று கூட வரும் கிளீனர்கள் கேலி செய்வார்கள். இப்போது பேன்ட் இடுப்பில் நிற்பதற்கே பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சளியை வாங்கிப் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார்கள். லாரி முதலாளி நல்ல மனுஷன். "நல்லாகிட்டு வாங்க, வண்டி எங்கயும் போயிடாது" என்றார். வண்டி மறுநாளே வேறு டிரைவரோடு போய்விட்டது.

டிரைவர் கல்யாணம் என்கிற லோடை ஏற்றாமலே காலத்தை ஓட்டிவிட்டவர். அவருக்கென்று இருந்தது ஒரே தங்கை. அவள் வந்து ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய பையைத் தூக்கினாள். "கிளம்புண்ணே" என்றாள். பேச்சு அவ்வளவுதான்.

தங்கை வீடு இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும். மகள் வெளியூர்க் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்ததால் ஒரு அறை காலியாக இருந்தது. அதில் டிரைவருக்குக் கட்டில் போட்டார்கள். ஜன்னலை எந்நேரமும் திறந்தே வைக்கச் சொல்லியிருந்தார்கள். திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. முதல் பத்து நாளில் டிரைவருக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது.

மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், ஊர் எல்லையில் இருந்த எடை மேடையில் வேலை பார்த்தார். லோடு ஏற்றிய லாரி வந்து நிற்கும், எடை போட்டுச் சீட்டு கொடுப்பார். காலியாகத் திரும்பி வரும், மறுபடி எடை போட்டுச் சீட்டு கொடுப்பார். வாய்ப் பேச்சையும் எடை போட்டுத்தான் செலவழிப்பார். டிரைவர் வந்த அன்று, "வாங்க மச்சான்" என்றார். அந்த வாரத்துக்கு அது போதும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

வாரம் ஒருமுறை ஸ்கூட்டரில் ஒரு அம்மா வருவார். சுகாதார நிலையத்து ஊழியர். வீட்டில் அவருக்கு 'மாத்திரை மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். முதல் நாள் வந்தபோதே எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிட்டார்.

"தினமும் காலைல மூணு மாத்திரை. வெறும் வயித்துல. ஆறு மாசம். ஒரு நாள் விடக்கூடாது. ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு ஜூஸ் மாதிரி போகும், பயப்படாதீங்க. அது மருந்தோட கலர்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் ஆரஞ்சு ஜூஸ் குடிப்பதில்லை. அதற்கு முன்பும் யாரும் குடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

தங்கையையும் மாப்பிள்ளையையும்கூடப் பரிசோதனைக்கு வரச் சொன்னார் மேடம். தங்கை போய்வந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. மாப்பிள்ளை, "லீவு கிடைக்கட்டும்" என்றார். எடை மேடைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும்.

முதல் சில நாட்கள் மாத்திரை டிரைவரைப் படாத பாடு படுத்தியது. குமட்டும். மதியம் வரைக்கும் வாயில் பழைய பேட்டரியை நக்கின மாதிரி ஒரு ருசி நிற்கும். தங்கை தட்டில் வைத்ததை அவர் விரலால் இங்கும் அங்கும் நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார். "ரெண்டு வாய் சாப்பிடேண்ணே" என்று அவள் கெஞ்சுவாள்.

நாலாவது வாரம் அந்தக் கெஞ்சலுக்கு அவசியம் இல்லாமல் போனது.

ஒரு காலை டிரைவர் கண் விழிக்கும்போதே பசித்தது. சாதாரணப் பசி இல்லை. வயிற்றுக்குள் யாரோ குடியேறி உள்ளிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் சமையற்கட்டு வாசலைப் பலமுறை எட்டிப்பார்த்தார். தங்கை ரொட்டி வைத்தாள், போனது. இன்னும் வைத்தாள், அதுவும் போனது. மதியம் சோறும் பருப்பும் போன வழி தெரியவில்லை. சாயங்காலம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் பழக்கூடைப் படம் போட்ட மாதத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த மாதத்துக்கு அருவிப் படம். பார்க்க அவ்வளவு நன்றாக இல்லை.

தங்கைக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "அண்ணனுக்கு வாய் திறந்துடுச்சு" என்று கணவரிடம் சொன்னாள். மாப்பிள்ளை தலையை ஆட்டினார்.

டிரைவருக்கும் முதலில் சந்தோஷம்தான். ஆனால் அவருடைய பழைய வாழ்க்கை ஒன்று இருந்ததே. வழியோரச் சாப்பாட்டுக் கடைகளில் அவரைப் பார்த்தாலே சப்ளையர்களுக்கு முகம் மலரும். கூட உட்கார்ந்திருக்கிற கிளீனரின் தட்டைக் காட்டி, "இன்னொண்ணு வை" என்பார். பக்கத்து மேசையில் முன்பின் தெரியாத ஆள் தயங்கித் தயங்கிச் சாப்பிட்டால் அவன் தட்டையும் காட்டி, "இன்னொண்ணு வை" என்பார். அதனால் அந்தச் சாலை நெடுக அவருக்கு 'இன்னொண்ணு' என்றே பெயர். அப்படிப்பட்டவர், இப்போது தன் தட்டுக்கு இன்னொன்று கேட்க வேண்டும். அதுவும் தங்கை புருஷன் வீட்டில். நாக்கு எழவில்லை. கேட்காமலே தங்கை வைத்தாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இதற்கு நடுவில் மாப்பிள்ளை ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தார். சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய் உண்டுவிட்டு, டிரைவர் சாப்பிடுவதையே பார்ப்பார். கண்ணை எடுக்கமாட்டார். பிறகு தன் தட்டை அப்படியே இந்தப் பக்கம் தள்ளுவார்.

"இதையும் சாப்பிடுங்க மச்சான். எனக்கு வேணாம்."

டிரைவருக்குச் சுருக்கென்று தைத்தது. குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டார். பேசாத மனுஷன் பேசுகிற விதம் இதுதான் என்று தனக்குத் தானே விளக்கமும் சொல்லிக்கொண்டார். தட்டை மறுபடி அந்தப் பக்கம் தள்ளுவார். வயிறு அந்தத் தட்டின் பின்னாலேயே போய்த் திரும்பி வரும்.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கச் சமையற்கட்டுக்குப் போனார். பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. தங்கை ஒரு டம்ளர் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நீ சாப்பிடலையா?"

"ஆச்சுண்ணே."

"எப்ப?"

"நீ சாப்பிடறப்பவே. நின்னுக்கிட்டே."

பொய் சொல்லத் தெரியாதவள். சின்ன வயதிலேயே பொய் சொன்னால் இடது காதைத் தடவுவாள். இப்போதும் தடவிக்கொண்டுதான் நின்றாள். டிரைவர் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து எதிர்ச்சுவர் விரிசலைப் பார்த்தார்.

மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால் அவருக்குப் பசி இல்லை. மாத்திரை ஆரம்பித்த பிறகு பசி. ஆக, மாத்திரையை நிறுத்தினால் பசி நிற்கும். இருமலும் நின்றுவிட்டது, காய்ச்சலும் போய்விட்டது. இனி அந்தச் சனியன் எதற்கு? முப்பது வருடம் எந்த மெக்கானிக்கும் கண்டுபிடிக்காத கோளாறை எல்லாம் இப்படித்தான் அவர் சாலையோரத்தில் நின்று யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறார். எது புதிதாக மாட்டினதோ அதைக் கழற்று. மறுநாள் காலை மூன்று மாத்திரையையும் கையில் எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். வேலை முடிந்தது.

பசி உடனே போகவில்லை. அது குடியேறின வீட்டைக் காலி செய்யக் கொஞ்சம் அவகாசம் எடுத்துக்கொண்டது. அதுவரைக்கும் "வயிறு மந்தமா இருக்கும்மா" என்று பாதியில் எழுந்துகொண்டார். ஒரு மாதம் கடந்தபோது நிஜமாகவே பசி குறைந்தது. டிரைவருக்குத் தன் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. கூடவே சாயங்காலங்களில் லேசாகக் குளிர்ந்தது. சீதோஷ்ணம் மாறுகிறது என்று நினைத்துக்கொண்டார். தெருவில் எல்லோரும் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

மாத்திரை மேடம் வழக்கம்போல வந்து, வழக்கம்போல அட்டையைப் பார்த்தார். மாத்திரைகள் ஒழுங்காகக் குறைந்திருந்தன. "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா எனக்கு வேலையே இல்லைங்க" என்று மெச்சினார். டிரைவர் அடக்கத்தோடு தலையைக் குனிந்தார்.

குட்டு உடைந்தது கழிப்பறையில். ஒரு காலை அதைக் கழுவிவிட்டு வந்த தங்கை, கையில் துடைப்பத்தோடு அறை வாசலில் நின்றாள்.

"அண்ணே, தரை வெள்ளையா இருக்கு."

"நல்லா கழுவினா வெள்ளையாத்தான் இருக்கும்."

"கழுவறதுக்கு முன்னாடியே வெள்ளையா இருந்துச்சு. ஆரஞ்சு எங்க?"

டிரைவர் ஜன்னலைப் பார்த்தார். போலீஸ் மறித்து பேப்பர் கேட்டால்கூட அவருக்குப் பதில் ரெடியாக இருக்கும். இதற்கு இல்லை.

"மறந்துட்டேம்மா."

"எத்தன நாளா மறந்த?"

அதற்குள் ஒரு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார். அடங்கவில்லை. இருமி முடித்தபோது தங்கை துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. எழுந்து போய் மேடத்துக்குப் போன் போட்டாள். மேடம் அன்றே வந்தார். வந்ததும் முதல் வேலையாக ஹெல்மெட்டைக் கழற்றினார். நிலைமை மோசம் என்று டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏன் நிறுத்தினீங்க?"

"வயித்தெரிச்சல்" என்றார் டிரைவர்.

"மறதின்னு சொன்னியே!" என்றாள் தங்கை.

"வயித்தெரிச்சல்ல மறந்துடுச்சு."

மேடம் அதற்குமேல் தோண்டவில்லை. டப்பா கொடுத்துச் சளி வாங்கினார். மறுபடி பரிசோதனை செய்ய வேண்டும், பழைய மருந்துக்குக் கிருமி இன்னும் கட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும், கட்டுப்பட்டால் ஆறு மாதம் முதலிலிருந்து, இல்லையென்றால் இதைவிட நீளமான வேறு வைத்தியம் என்றார். "மொதல்லேருந்தா?" என்றார் டிரைவர். பாதி மலை ஏறிய லாரி பின்னால் உருண்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். தங்கை அவரிடம் எல்லாவற்றையும் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. மாப்பிள்ளையின் பதில் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து கதவருகில் நின்றார்.

"வண்டில ஏறுங்க மச்சான்."

வீட்டை விட்டு அனுப்பத்தான் கூப்பிடுகிறார் என்று டிரைவர் நினைத்தார். நியாயம்தான் என்றும் நினைத்தார். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு பைக்கின் பின்னால் ஏறினார். பையை எடுத்துக்கொள்ளவா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

பைக் எடை மேடைக்குப் போய் நின்றது. லாரி எதுவும் இல்லை. மாப்பிள்ளை அறைக்குள் போய் விளக்கைப் போட்டார். வெளியில் இருந்த சிவப்பு எழுத்துப் பலகை உயிர் பெற்றுப் பூஜ்யம் காட்டியது.

"மேடை மேல நில்லுங்க."

டிரைவர் நின்றார். எத்தனையோ முறை லாரியோடு ஏறிய மேடை. வெறுங்காலோடு நிற்க ஒரு மாதிரியாக இருந்தது. பலகை கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்பது என்றது.

"நாப்பது கிலோவா நான்?"

"இது இருபது இருபதாத்தான் காட்டும். கொஞ்சம் கூட இருப்பீங்க." மாப்பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஆனா மச்சான், ஒரு லாரிய எடை போடற மெஷின் இது. இதுக்கே உங்க எடை குறைச்சல்னு தெரியுது. ஏன் நிறுத்தினீங்க?"

மாப்பிள்ளை அவ்வளவு நீளமாகப் பேசி டிரைவர் கேட்டதில்லை. அந்த அதிர்ச்சியிலோ என்னவோ உண்மை வந்துவிட்டது.

"பசி மாப்ளே. அத போட்டா பசிக்குது. மனுஷப் பசி இல்ல அது. நான் தின்னா உன் பொண்டாட்டி பட்டினி கெடக்கறா. நீ வேற என் தட்டையே பார்த்துக்கிட்டு உன் தட்ட தள்ளற. மானம் போகுதுப்பா."



"நான் எதுக்குப் பார்த்தேன்னு நெனச்சீங்க?"

"வேற எதுக்கு?"

"எனக்கு ரெண்டு மாசமா சோறே எறங்கல. உங்களப் பார்த்தாவது பசி வராதான்னு பார்த்தேன். நீங்க சாப்பிடறத பார்க்க அவ்வளவு நல்லா இருக்கும்."

சொல்லிவிட்டு வெளியே வந்தார். "நான் எல்லாம் எப்பவும் எண்பதுதான்" என்று மேடையில் ஏறி நின்றார். டிரைவர் இறங்கிக்கொண்டார். பலகை அறுபது காட்டியது.

மாப்பிள்ளை இறங்கி மறுபடி ஏறினார். அறுபது. காலால் மேடையைத் தட்டிவிட்டு ஏறினார். அறுபது.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒரு காலி லாரி வந்தது. மாப்பிள்ளை அதை மேடையில் ஏற்றி எடை பார்த்தார். அடிக்கடி வருகிற வண்டி. எடை என்றைக்கும் உள்ளதுதான். சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு ரொம்ப நேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் அவருடைய சட்டைக் காலரைப் பார்த்தார். கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இடம் இருந்தது. இத்தனை நாள் ஒரே வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் கண்ணில் படவில்லை. தன் தட்டைப் பார்த்ததிலேயே பொழுது போய்விட்டது.

"மாப்ளே, ராத்திரி தலகாணி நனையற அளவுக்கு வேர்க்குதா?"

"புழுக்கம்னு நெனச்சேன்."

"இருமல்?"

"இங்க ஒரே தூசி இல்ல."

டிரைவர் எடை மேடையின் விளிம்பில் அப்படியே குந்திவிட்டார்.

சுகாதார நிலையத்தில் இரண்டு முடிவும் ஒன்றாக வந்தன. டிரைவருடைய கிருமி பழைய மருந்துக்கே கட்டுப்படும், தப்பித்தார். மாப்பிள்ளைக்கும் காசநோய். மாத்திரை மேடம் இருவரையும் வெளியே மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துப் பேசினார். டிரைவர் அன்று எல்லாவற்றையும் சொன்னார். வயிற்றெரிச்சல் இல்லை, மறதி இல்லை, பசி என்றார். மேடம் சிரிக்கவில்லை.

"நிறைய பேருக்கு இதாங்க காரணம். ஆனா ஒருத்தரும் வாய விட்டுச் சொல்லமாட்டாங்க. பசிக்குதுன்னு சொல்ல வெக்கம். பசிக்கறது உடம்பு திரும்பி வர அடையாளம். அத போய் நோய்னு நெனச்சு நிறுத்திட்டீங்களே." பிறகு, "சத்துமாவும் பருப்பும் குடுக்கறாங்க, எழுதிப்போட்டா வரும். நீங்க சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்" என்றார்.

"இவருக்கு என்கிட்டேருந்துதான் வந்துச்சா?" டிரைவர் மேடத்தின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இருக்கலாம். நீங்க மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியேகூட வந்திருக்கலாம், நிறுத்தினப்பவும் வந்திருக்கலாம், வெளியில எங்கேயிருந்தாவதுகூட வந்திருக்கலாம். அத கண்டுபிடிச்சு என்ன செய்யப் போறீங்க?"

டிரைவர் வீடு திரும்பும் வழியில் ஒரு இடத்தில் நின்று, "என்ன மன்னிச்சிடு மாப்ளே" என்றார். மாப்பிள்ளை, "நானும்தான் டெஸ்டுக்குப் போகல" என்றார். இருவரும் நடந்தார்கள்.

தங்கை விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பகல் முழுவதும் பேசவில்லை. பாத்திரங்கள் மட்டும் பேசின. மறுநாள் காலை இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் வைத்தாள்.

"ஒருத்தர் முழுங்கறத இன்னொருத்தர் பார்க்கணும். வாயத் திறந்து காட்டணும். அண்ணே, நாக்கத் தூக்கு."

டிரைவர் நாக்கைத் தூக்கினார்.

"இன்னொண்ணு. இனிமே இந்த வீட்ல நான்தான் மொதல்ல சாப்பிடுவேன். வயிறு நெறைய. அப்புறம்தான் உங்களுக்கு. பத்தலன்னா சொல்லுங்க, மறுபடி வைக்கறேன். பத்தலன்னு சொல்லாம எவனாவது எழுந்தீங்கன்னா..." அவள் முடிக்கவில்லை. முடிக்காததே நன்றாக வேலை செய்தது.

அன்றிலிருந்து சமையற்கட்டில் அவள் ஆற அமர உட்கார்ந்து சாப்பிடுவாள். இரண்டு ஆண்களும் கூடத்தில் காத்திருப்பார்கள். காலண்டரில் அந்த மாதம் ஏதோ கோட்டையின் படம். இரண்டு பேருக்கும் அதில் அக்கறை இல்லை.

டிரைவருக்குப் பசி முதலில் வந்தது. மாப்பிள்ளைக்கு இரண்டு வாரம் பின்னால். அன்று மதியம் எடை மேடையிலிருந்து வேலை நடுவில் வீட்டுக்கு வந்துவிட்டார். வந்து தட்டின் முன் உட்கார்ந்து, வைத்ததைத் தின்றார், மறுபடி வைத்ததையும் தின்றார். பிறகு காலிப் பாத்திரத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தார். அதன் அடியையே பார்த்துக்கொண்டு, "மச்சான், இப்படியா இருந்துச்சு?" என்றார்.

"இப்படித்தான்."

"இத வச்சுக்கிட்டா பாதில எழுந்து போனீங்க?"

 மாப்பிள்ளை அவரைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மரியாதைகூட இருந்தது. சமையற்கட்டிலிருந்து தங்கை, "அரை மணி நேரம் பொறுங்க, உலை வச்சிருக்கேன்" என்றாள். அந்த அரை மணி நேரமும் இரண்டு பேரும் ஏதேதோ பேசினார்கள். மாப்பிள்ளை பேசுகிற ஆள் என்பதே டிரைவருக்கு அன்றுதான் தெரிந்தது. பாதிப் பேச்சு முட்டையைப் பற்றி இருந்தது.

சத்துமாவும் பருப்பும் ஒரு மாதம் வந்தன, ஒரு மாதம் வரவில்லை, மேடம் போய்ச் சத்தம் போட்டதும் இரண்டு மாதத்துக்கு ஒன்றாக வந்தன. மாப்பிள்ளையின் அதிகாரி டிரைவரை மேடையில் லாரிகளை ஏற்றி இறக்க ஒத்தாசையாக வைத்துக்கொண்டார். கூலி சொற்பம். ஆனால் சாயங்காலம் வரும்போது கையில் காய்கறிப் பை இருக்கும். அதைச் சமையற்கட்டு வாசலில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவர் மாதிரி போய்விடுவார்.

ஆறு மாதம் முடிந்து டிரைவருக்குச் சளி சுத்தம் என்று சொன்னார்கள். பழைய முதலாளி புதிதாக வாங்கிய லாரிக்குக் கூப்பிட்டார். பெல்ட்டில் ஆணியால் போட்ட ஓட்டை இப்போது எட்டவில்லை. கிளம்பும் நாளில் தங்கை அழவில்லை. "வழியில பட்டினி கெடக்காத" என்று மட்டும் சொன்னாள்.

மாப்பிள்ளைக்கு மட்டும் மாத்திரையை ஒரு மாதம் நீட்டியிருந்தார்கள், அதில் இன்னும் இரண்டு வாரம் பாக்கி இருந்தது. டிரைவர் எந்த ஊரில் இருந்தாலும் காலையில் சாலையோரம் வண்டியை நிறுத்திப் போன் போடுவார்.

"போட்டாச்சா மாப்ளே?"

"ம்."

"ம்னா? சத்தம் கேக்கலையே. போன பக்கத்துல வச்சு முழுங்கு."

அந்தப் பக்கம் டம்ளர் எடுக்கும் சத்தம் கேட்கும். பிறகு மடக்கென்று ஒரு சத்தம். அதைக் கேட்ட பிறகுதான் டிரைவர் லாரியை எடுப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கிளீனருக்கு ஒன்றும் புரியாது. ஒருநாள் கேட்டும் விட்டான். "குடும்ப விஷயம்பா" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டார்.